குருதிக்கட்டியை எடுக்கும் முறைகளும் வன்னி நோயாளியின் நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதச் சிகிச்சையின் புதிய முறைகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைக் கவனமாக வாசித்தேன். மூளை நாடியை அடைத்திருக்கும் குருதிக்கட்டியை உறிஞ்சி எடுப்பதே இன்று மிகச் சிறந்த முறை என்றும், வலைக்கம்பியால் பற்றி இழுக்கும் முறை காலங்கடந்துவிட்டது என்றும், ஆகவே வடக்குக்கு ஓர் உறிஞ்சும் இயந்திரத்தைப் பெற்றுக்கொடுக்கப் புலம்பெயர்ந்த உறவுகள் முன்வர வேண்டும் என்றும் அக்கட்டுரை கூறியிருந்தது. அதன் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இரு முறைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் அப்படியொரு தீர்ப்பை வழங்கவில்லை. அந்தத் தீர்ப்பை நம்பிப் பணம் திரட்டப்பட்டால், வன்னி மக்களுக்கு முதலில் கிடைக்க வேண்டியவை மேலும் பின்னுக்குப் போய்விடும் என்ற கவலையினாலேயே இதை எழுதுகிறேன். வாதம் வந்தவர்களுக்கு நடையையும் கைப்பிடியையும் திரும்பப் பழக்கும் இயன்மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்த எனக்கு, முதல் சில மணித்தியாலங்களில் இழந்ததைப் பின்னர் எத்தனை மாதப் பயிற்சியாலும் முழுமையாக மீட்க முடியாது என்பது நன்கு தெரியும்.

பாரிசவாதத்தில் இரு வகை உண்டு. மூளைக்குள் குருதி கசிவது ஒன்று. நாடி அடைபடுவது மற்றொன்று. அடைப்பினால் வருவதே அதிகம். நாடி அடைபட்டதும் அதன் நேர்ப் பாய்ச்சலை மட்டும் நம்பியிருந்த பகுதி சில நிமிடங்களிலேயே இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ, வாய்க்கால் அடைபட்ட வயல் அயல் வயலின் கசிவு நீரில் சில நாள் தாக்குப்பிடிப்பது போல, பக்க நாடிகளிலிருந்து வரும் சிறிதளவு குருதியைக் கொண்டு சில மணித்தியாலங்கள் உயிர் பிடித்திருக்கிறது. எல்லாச் சிகிச்சையும் அந்தச் சுற்றுப் பகுதியைக் காப்பாற்றவே செய்யப்படுகிறது. பெரிய நாடியொன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணிப்பு கூறுகிறது. பக்க நாடிகளின் வலு ஆளுக்காள் வேறுபடுவதால் இந்த வேகமும் வேறுபடும். ஆயினும் எவருக்கும் நேரம் தாராளமாக இல்லை.

முதலில் வந்தது மருந்து. குருதிக்கட்டியைக் கரைக்கும் அல்ரிபிளேஸ் என்ற மருந்தை 3 மணித்தியாலங்களுக்குள் நாளத்தினூடாக ஏற்றினால் பயன் உண்டு என்பதை 1995இல் அமெரிக்க ஆய்வு நிறுவியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. ஆனால் கழுத்து நாடியின் மேற்பகுதியிலோ மூளையின் நடு நாடியின் தொடக்கத்திலோ சிக்கிய பெரிய, நீண்ட கட்டிகள் மருந்துக்கு இலகுவில் கரைவதில்லை. அவற்றை வெளியே எடுப்பதற்காகவே, தொடையின் மேற்புறத்திலோ மணிக்கட்டிலோ உள்ள நாடி வழியாக மூளை வரை கதீற்றர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தும் முறைகள் உருவாக்கப்பட்டன.

இவற்றுள் முதலாவது, 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'மெர்சி' என்ற கருவி. கட்டிக்குள் திருகிச் செல்லும் சுருள் கம்பி அது. பின்னர் வந்தவை, கட்டிக்குள் விரிந்து, அதைத் தன் கண்ணிகளில் பற்றிக்கொண்டு வெளியே வரும் வலைக்கம்பிகள். 'சொலிட்டேர்', 'ட்ரேவோ' ஆகிய பெயர்களில் வந்த இவை, நாடியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் போல விரியக்கூடியவை, ஆனால் நாடிக்குள் விட்டுவிடப்படாமல் திரும்ப எடுக்கப்படுபவை. 2012இல் இவ்விரண்டும் தனித்தனியே மெர்சியோடு ஒப்பிடப்பட்டன. சொலிட்டேர் 61 சதவீதமானவர்களில் நாடியைத் திறந்தபோது மெர்சியால் 24 சதவீதமானவர்களில் மட்டுமே திறக்க முடிந்தது. ட்ரேவோ ஆய்விலோ 86க்கு 60 என்று வந்தது. கருவிக்குக் கருவி உள்ள வித்தியாசம் உண்மையில் பெரிதாக இருந்த காலம் அதுதான். அக்கட்டுரையாளர் மனத்தில் வைத்திருக்கும் வேகமான முன்னேற்றம் அந்தக் கட்டத்துக்கு உரியது. இன்றைய இரு முறைகளுக்கிடையே அது கிடையாது.

கட்டியை எடுப்பதே வீண் வேலையோ என்ற ஐயமும் ஒருமுறை எழுந்தது. 2013இல் ஒரே நேரத்தில் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள், மருந்தைவிடக் கருவியால் கூடுதல் பயன் இல்லை என்றன. அவற்றில் பெரும்பாலும் பழைய கருவிகளே பயன்பட்டன. பெரிய நாடிதான் அடைபட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யாமல் பலர் சேர்க்கப்பட்டனர். சிகிச்சை தொடங்கவும் தாமதமாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. நெதர்லாந்தில் 500 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் வலைக்கம்பியால் சிகிச்சை பெற்றவர்களுள் 32.6 சதவீதமானவர்கள் மூன்று மாதத்தின் பின் பிறர் துணையின்றி வாழும் நிலையை அடைந்தார்கள். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 19.1 சதவீதம். அதே ஆண்டில் வந்த மேலும் நான்கு ஆய்வுகளையும் இதனோடு சேர்த்து, மொத்தம் 1287 நோயாளிகளின் தரவுகளை 2016இல் ஒன்றாகக் கணித்தபோது 46 சதவீதத்துக்கு 26.5 சதவீதம் என்று வந்தது. இந்த எண்களைத் தயவுசெய்து வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் ஒப்பீடுகளை இவற்றின் பக்கத்தில் வைத்தால்தான் எது பெரிது, எது சிறிது என்பது தெரியும்.

உறிஞ்சும் முறையில் அகன்ற வாயுள்ள கதீற்றரைக் கட்டியின் முகப்புக்கே கொண்டுசென்று, பம்பியாலோ பெரிய சிறிஞ்சினாலோ வெற்றிடம் உண்டாக்கிக் கட்டியை இழுத்தெடுப்பார்கள். கட்டியைத் துளைத்துக்கொண்டு அப்பால் செல்ல வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. தடங்கல் இல்லாதபோது வேலையும் விரைவாக முடிகிறது. வளைவு நெளிவு மிக்க முதிய நாடிகளில் அகன்ற குழாய் மேலே ஏற மறுப்பது இதன் குறை. வலைக்கம்பிக்கும் தன் குறை உண்டு: இழுக்கும்போது கட்டி உடைந்து, துணுக்குகள் வேறு நாடிகளுக்குள் ஓடிவிடலாம். கட்டியிலும் வகை இருக்கிறது. செங்குழியங்கள் நிறைந்தது மிருதுவாகவும், பைபிரின் நாரிழைகள் நிறைந்தது இறுகியும் இருக்கும். சிகிச்சை செய்பவர் படத்தைப் பார்த்து, நாடியின் வளைவைப் பார்த்து, தன் கைப்பழக்கத்தையும் கருதி ஒன்றைத் தெரிந்தெடுக்கிறார். அது சரிவராவிட்டால் அதே மேசையில் மற்றதற்கு மாறுகிறார்.

இனி நேரடி ஒப்பீடுகள். பிரான்சில் 381 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான 'ஆஸ்டர்' ஆய்வில், உறிஞ்சும் முறையில் தொடங்கியவர்களுள் 85.4 சதவீதமானவர்களிலும் வலைக்கம்பியில் தொடங்கியவர்களுள் 83.1 சதவீதமானவர்களிலும் இரத்தோட்டம் போதிய அளவு மீண்டது. இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. உறிஞ்சுதல் மேலானது என்று காட்ட முனைந்த அந்த ஆய்வு அதைக் காட்டவில்லை. 2019இல் வெளியான 'கொம்பஸ்' ஆய்வு 270 பேரைக் கொண்டது. அது நாடி திறந்ததா என்பதோடு நில்லாமல், மூன்று மாதத்தின் பின் நோயாளி தன் காரியங்களைத் தானே செய்கிறாரா என்பதை முதன்மைக் கேள்வியாக வைத்தது. உறிஞ்சும் முறையில் 52 சதவீதம், வலைக்கம்பியில் 50 சதவீதம். உறிஞ்சும் முறை தாழ்ந்ததன்று என்பதே அதிலிருந்து பெறக்கூடிய முடிவு. இரண்டையும் ஒரேயடியாகச் சேர்த்துச் செய்தால் என்ன என்ற கேள்விக்கு, மீண்டும் பிரான்சில் 405 பேரைக் கொண்டு 2021இல் விடை தேடினார்கள். ஏறத்தாழ முழுமையான இரத்தோட்டம், சேர்த்துச் செய்தவர்களில் 64.5 சதவீதமும் வலைக்கம்பியால் மட்டும் தொடங்கியவர்களில் 57.9 சதவீதமும் கிடைத்தது. இந்த வித்தியாசமும் புள்ளியியல் முறைப்படி உறுதியானதாகக் கொள்ளப்படவில்லை.

இரண்டு முறைகளும் நல்லவை. தேர்ந்த கையில் ஏறத்தாழச் சமமானவை. 52க்கும் 50க்கும் இடையில் உள்ளது இரண்டு. 46க்கும் 26.5க்கும் இடையில் உள்ளது ஏறத்தாழ இருபது. முதலாவது, எந்தக் கருவி என்பதனால் வருவது. இரண்டாவது, சிகிச்சை கிடைத்ததா இல்லையா என்பதனால் வருவது. முல்லைத்தீவிலோ முழங்காவிலிலோ ஒருவர் விழுந்தால் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போவது அந்த இருபதுதான். நாம் இரண்டைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

இது செல்வந்த நாடுகளின் மருத்துவம், நமக்கு எட்டாது என்று சிலர் கூறக்கூடும். பிரேசில் நாட்டின் அரச இலவச வைத்தியசாலைகளில் 221 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வை அவர்கள் பார்க்க வேண்டும். படுக்கைத் தட்டுப்பாடும் ஆளணிக் குறைவும் உள்ள அந்த வைத்தியசாலைகளிலேயே, கட்டி எடுக்கப்பட்டவர்களுள் 35.1 சதவீதமானவர்கள் தம் கருமங்களைத் தாமே பார்க்கும் நிலையை அடைந்தார்கள். மற்றவர்களில் அது 20 சதவீதம். இலவச மருத்துவத்தை உரிமையாகக் கொண்ட நம் நாட்டில் இதைக் கேட்பது பேராசை ஆகாது.

இங்குதான் தூரம் குறுக்கே வருகிறது. வன்னியின் கிழக்குக் கரையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கொழும்புக்கு அதைப்போல் மூன்று மடங்கு. வவுனியாவில் இருப்பவருக்கு யாழ்ப்பாணத்தைவிட அநுராதபுரம் பாதிக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. எனவே கட்டி எடுக்கும் நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதை மாகாண எல்லையைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வடக்கு நோக்கியும், வவுனியாவும் மன்னாரின் பெரும்பகுதியும் தெற்கு நோக்கியும் செல்வதே நேரத்தைக் காக்கும் ஏற்பாடாக இருக்கும். மொழியால் வரும் சிரமத்தை நான் அறியாதவன் அல்லன். அதற்குத் தீர்வு, தமிழ் பேசும் ஊழியர் ஒருவரை எந்நேரமும் அங்கே பணியில் அமர்த்துவது. நோயாளியை மேலும் நூறு கிலோமீற்றர் அலைக்கழிப்பது அன்று.

தூரத்தில் உள்ளவர்களை முதலில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதா, நேரே பெரிய நிலையத்துக்கு அனுப்புவதா என்ற கேள்வியை ஸ்பெயினின் கட்டலோனியாவில் நகரங்களுக்கு வெளியே வாழும் 1401 பேரைக் கொண்டு ஆராய்ந்து, முடிவை 2022இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தின் பின் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நேரே சென்றவர்களில் கூடுதலானோருக்குக் கட்டி எடுக்கப்பட்டது. அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்றவர்களில் கூடுதலானோருக்கு மருந்து கிடைத்தது. வன்னியைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதிலுள்ள ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது: அங்கே அருகிலுள்ள வைத்தியசாலை என்பது சி.ரி. ஸ்கான் எடுத்து, மருந்தைக் கொடுத்து, தாமதமின்றி மேலே அனுப்பும் வைத்தியசாலை. இரவு பத்து மணிக்கு ஸ்கான் அறை பூட்டிக் கிடந்தால் அந்த நிறுத்தம் வெறும் காலவிரயம்.

ஆகவே முதலாவது கோரிக்கை, நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் நாள் முழுவதும், விடுமுறை நாட்களிலும், சி.ரி. ஸ்கான் எடுக்கவும் அப்படத்தை உடனே வாசிக்கவும் வழி இருக்க வேண்டும் என்பது. குருதிக் கசிவா அடைப்பா என்று வெளித் தோற்றத்தைக் கொண்டு எவராலும் பிரித்தறிய முடியாது. கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிராபத்து. படத்தை வாசிக்க ஒவ்வோர் ஊரிலும் நிபுணர் இருக்க வேண்டியதில்லை. படம் தொலைத்தொடர்பு வழியாக யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகலாம். முடிவு சில நிமிடங்களில் திரும்பி வரலாம்.

ஸ்கானோடு சேர்த்துச் சாயம் ஏற்றி நாடிகளையும் படமெடுக்க வேண்டும். அப்போதுதான் பெரிய நாடி அடைபட்டவர் யார், அவரை மேலே அனுப்புவதால் பயன் உண்டா என்பது தெரியும். எம்.ஆர்.ஐ. இருந்தால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பவர்களுக்கு வன்னி சார்ந்த ஒரு பதில் உண்டு. 2009 வரை நடந்த போரில் செல்துண்டுகள் ஏறி, அவை அகற்றப்படாமலே வாழ்பவர்கள் நம்மிடையே பலர். காந்தத்துக்கு இழுபடும் உலோகத் துண்டு உடலில் உள்ளவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்புவது ஆபத்தானது. பேச்சிழந்து வந்தவரிடம் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டறியவும் முடியாது. எனவே இங்கே சி.ரி. வழியே பாதுகாப்பான வழி. வவுனியாவின் சில பகுதிகளில் பரவலாகக் காணப்படும் சிறுநீரக நோய் இன்னொரு விடயம். அந்நோய் இருந்ததாக வரலாறு இல்லாதவருக்கு, குருதிப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமலே சாயம் ஏற்றலாம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. நோய் உள்ளவரிடம் வைத்தியர் இலாப நட்டத்தை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இத்தகையவர்கள் தங்கள் கிளினிக் அட்டையை எடுத்தவுடன் கிடைக்கும் இடத்தில் வைத்திருப்பது பேருதவியாகும்.

தூக்கத்தில் வாதம் வந்து காலையில் கண்டுபிடிக்கப்படுபவர்களும், தூர இடங்களிலிருந்து தாமதமாக வருபவர்களும் கைவிடப்பட வேண்டியவர்கள் அல்லர் என்பதையும் இங்கே கூற வேண்டும். 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள், மூளையின் காப்பாற்றத்தக்க பகுதி எஞ்சியிருப்பதாகப் படத்தில் தெரிந்தவர்களுக்கு, ஒன்று 24 மணித்தியாலம் வரையும் மற்றது 16 மணித்தியாலம் வரையும், கட்டியை எடுப்பது பெரும் பயன் தருவதைக் காட்டின; முதலாவதில் 49 சதவீதமானவர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையை அடைந்தார்கள், சிகிச்சை பெறாதவர்களில் 13 சதவீதமானவர்களே. அந்த ஆய்வுகள் விலையுயர்ந்த கணினி மென்பொருளை நம்பியிருந்தன. 2023இல் வெளியான நெதர்லாந்து ஆய்வோ, சாயம் ஏற்றிய சாதாரண சி.ரி. படத்தில் பக்க நாடிகள் தெரிகின்றனவா என்று பார்த்தே ஆட்களைத் தெரிந்தெடுத்து, பயனையும் காட்டியது. நம் மாவட்ட வைத்தியசாலைகளால் பின்பற்றக்கூடிய வழி இது.

இரண்டாவது கோரிக்கை, மருந்து. அல்ரிபிளேஸின் ஒரு பகுதியை ஊசியாகவும் எஞ்சியதை ஒரு மணித்தியாலம் வரை துளித்துளியாகவும் ஏற்ற வேண்டும்; அதற்குப் பம்பியும் தொடர்ந்து கண்காணிக்கும் தாதியரும் தேவை. குருதிக்கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான ரெனெக்ரிபிளேஸ் ஒரே ஊசியில் முடிந்துவிடும். 2022இல் வெளியான கனேடிய ஆய்வு, அது அல்ரிபிளேஸுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்று காட்டியது. உடனே வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டிய நோயாளிக்கு இதுவே உகந்தது. மாரடைப்புக்குக் கொடுக்கும் அளவை அப்படியே பாரிசவாதத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது. இதற்குரியது உடல் நிறையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், மொத்தம் 25 மில்லிகிராமுக்கு மேற்படாமல். கட்டியைக் கரைக்கும் விலை குறைந்த பழைய மருந்தான ஸ்ரெப்ரோகைனேஸ் இருக்கிறதே என்று எவரும் எண்ண வேண்டாம். தொண்ணூறுகளில் பாரிசவாதத்துக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள், குருதிக் கசிவும் மரணமும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டன.

மூன்றாவது, போக்குவரத்து. 1990 அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது முதல், வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு வரும் பயணம் பெரிதும் சீரடைந்திருக்கிறது. ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பயணம்தான் இன்று பலவீனமான கண்ணி. வண்டி தேடுவது, கூடச் செல்லத் தாதியைத் தேடுவது, அங்கே கட்டில் உண்டா என்று தொலைபேசியில் கேட்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் மருந்து கொடுத்துப் பெற்ற நேரம் வீணாகிறது. பாரிசவாத நோயாளிக்கு முன்கூட்டியே உடன்பாடு செய்யப்பட்ட ஒரே தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருக்க வேண்டும். ஸ்கான் நடக்கும்போதே வண்டி வாசலில் நிற்க வேண்டும்.

இனி, திரட்டப்படவிருக்கும் பணத்தைப் பற்றி. உறிஞ்சுவதற்கான வெற்றிடத்தை 60 மில்லிலீற்றர் சிறிஞ்சினாலும் உண்டாக்கலாம். கிடைப்பதற்கு அரிதானது பம்பி அன்று. கதீற்றரும் வலைக்கம்பியும் ஒருவருக்குப் பயன்படுத்தியபின் கழிக்கப்படுபவை என்பதால், இயந்திரத்தை நன்கொடையாகக் கொடுத்துவிட்டு அவற்றின் தொடர் வழங்கலுக்கு வழி செய்யாவிட்டால் அது சில மாதங்களில் மூலையில் கிடக்கும். உண்மையில் அரிதானது, அந்தக் குழாயை மூளை நாடி வரை கொண்டுசெல்லப் பயின்ற வைத்தியரும், அவருடன் இரவிலும் எழுந்து வரும் குழுவும். புலம்பெயர்ந்தோர் உதவ விரும்பினால் வன்னியைச் சேர்ந்த இளம் வைத்தியர்கள், கதிர்ப்பட உதவியாளர்கள், தாதியர் ஆகியோரின் பயிற்சிக்கு உதவட்டும். பயின்று வருபவர் எந்தக் கருவி வேண்டும் என்று தாமே சொல்வார். அவருடைய தெரிவு எதுவாக இருந்தாலும் நோயாளிக்குப் பெரிய நட்டம் வராது என்பதைத்தான் மேலே காட்டிய ஆய்வுகள் நமக்கு உறுதிப்படுத்துகின்றன.

பொதுமக்களுக்கும் சில வார்த்தைகள். முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கையோ காலோ சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 1990ஐ அழையுங்கள். எண்ணெய் பூசி உருவிவிட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கான் எடுக்கும் வரை அஸ்பிரின் கொடுக்காதீர்கள். விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கலாம் என்பதால் தேநீரோ கஞ்சியோ பருக்காதீர்கள். நோயாளியைக் கடைசியாக நல்ல நிலையில் கண்ட நேரத்தை எழுதி வையுங்கள். எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்பதை வைத்தியர் அந்த நேரத்தை வைத்தே முடிவுசெய்வார். இதைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பாடசாலைகளும் கமக்காரர் அமைப்புகளும் ஊருக்கூர் எடுத்துச் செல்ல வேண்டும்.

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஒவ்வொரு பொது வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலையிலும் சி.ரி. ஸ்கான் எந்த நாட்களில், எந்த மணித்தியாலங்களில் எடுக்கப்படுகிறது, குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து கையிருப்பில் உள்ளதா, அடுத்த வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு என்ன என்ற விவரங்களை மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் மத்திய சுகாதார அமைச்சிடமும் தங்கள் பத்திரிகை கேட்டுப் பெற்று, ஓர் அட்டவணையாக வெளியிட வேண்டும் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைக்காத இடங்களை வெற்றிடமாகவே விட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்மருத்துவர்,
கிளிநொச்சி.